ஹாஜியாரின் பிக்கப் குடித்த டீசல்

அடுத்தவரின் டீசல் வாகனத்தை ஓட்டிப் பிழைக்கிறவனுக்கு, ஒரு சொட்டும் களவெடுக்காமலே கள்ளனாகும் பாக்கியம் உண்டு. சம்பளத்துக்கு ஸ்டியரிங் பிடித்த எல்லோருக்கும் இது தெரிந்த விசயம். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். சொந்தத்தில் வாகனம் வைத்திருப்பவர்களும் தாராளமாக வாசிக்கலாம், ஆனால் நம்பமாட்டார்கள்.

எண்பதாம் ஆண்டை ஒட்டிய காலத்தில் கல்முனையில் ஆதம்பாவா ஹாஜியாரிடம் பிக்கப் ஓட்டினேன். பொத்துவிலுக்குப் போய் ஐஸ் போட்ட மீன் ஏற்றிவருவது வேலை. போக வர எப்படியும் தொண்ணூறு மைல். ஹாஜியார் நல்ல மனிதர். ஸக்காத்தைச் சரியாகக் கொடுப்பார், நோன்பு மாதத்தில் பள்ளிக் கஞ்சிக்கு அரிசி அனுப்புவார், யாருடைய ஜனாஸாவையும், அடக்கத்தையும் தவறவிடமாட்டார். டீசல் என்று பேச்சு வந்தால் மட்டும் அந்த நல்ல மனிதர் எழும்பிப் போய்விடுவார், வேறொருவர் வந்து உட்காருவார்.

முப்பது மைல்

அது கொழும்பில் வாங்கிய பழைய பிக்கப். எத்தனை கை மாறியது என்று எஞ்சினுக்கே ஞாபகம் இருக்காது. விற்றவன் என்னென்னவோ சொல்லித்தான் விற்றிருப்பான். ஹாஜியார் எல்லாவற்றையும் மறந்துவிட்டு ஒன்றை மட்டும் மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்தார்: கேலனுக்கு முப்பது மைல் ஓடும். நான் ஓட்டிப் பார்த்தேன். பதினெட்டு, மிஞ்சிப் போனால் பத்தொன்பது.

பிக்கப் வந்த முதல் கிழமையே நிந்தவூரில் ஒரு கலியாணம். விருந்து முடிந்து ஹாஜியார் முன் சீட்டில் ஏறி அத்தர் மணக்க அமர்ந்துவிட்டார். நான் சாவியைத் திருப்பினேன். பற்றரி ஒரு முனகல் முனகிவிட்டு அடங்கிவிட்டது. மாப்பிள்ளையின் கூட்டாளிமார் ஆறு பேர் புதுச் சட்டையோடு தள்ளினார்கள். கிடுகு வேலிக்கு மேலால் பெண்கள் பார்த்துச் சிரித்தார்கள். ஹாஜியார் சிரிப்பைக் கேட்காத மாதிரி நேரே பார்த்துக்கொண்டிருந்தார். கல்முனை வந்து சேர்ந்ததும், புதுப் பற்றரி ஒன்று போட்டால் நல்லது என்று மெதுவாகச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில், அவருடைய வீடு வளவை என் பெயருக்கு எழுதிக் கேட்டவன் போலாகிவிட்டேன்.

"ஓடுற எஞ்சினுக்கு என்னத்துக்குடா பற்றரி? நிப்பாட்டினாத்தானே ஸ்டார்ட் பண்ணணும்? நிப்பாட்டாத!"

கணபதிப்பிள்ளை பாஸின் வைத்தியம்

அன்றிலிருந்து எங்கள் பிக்கப் நிற்கும்போதும் ஓடிக்கொண்டிருந்தது. ஹாஜியார் இறங்கி ஒருவரோடு ரெண்டு வார்த்தை கதைப்பார். அவருடைய ரெண்டு வார்த்தை ஒரு மணித்தியாலம் போகும். சந்தையில் மீன் இறக்கும் நேரம், ஐஸ் ஏற்றும் நேரம், தேத்தண்ணி குடிக்கும் நேரம் எல்லாம் எஞ்சின் தன்பாட்டில் உறுமிக்கொண்டிருக்கும். மாதக் கடைசியில் ஹாஜியார் மைலையும் கேலனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, பிக்கப்புக்கு ஏதோ நோய், வருத்தம் என்று முடிவுகட்டி, பாண்டிருப்பில் கராஜ் வைத்திருந்த மெக்கானிக் கணபதிப்பிள்ளை பாஸிடம் கூட்டிப் போனார்.

பாஸ் பொனட்டைத் திறந்தார். எயார் பில்டரைக் கழற்றி நிலத்தில் தட்டினார். அதிலிருந்து கொட்டிய கடல் மணலும் உமியும் ஒரு கோழி கிளறப் போதும். பின் சில்லைத் தூக்கிக் கையால் சுற்றினார், அது சுற்ற மாட்டேன் என்றது. பிரேக் பிடித்துக்கொண்டே ஓடியிருக்கிறது. டயர் நாலிலும் காற்று அரைவாசி. டீசலை எஞ்சினுக்குள் பீச்சுகிற நொசில்கள் பீச்சாமல் ஒழுகின. எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, முதலில் பற்றரியை மாற்றி, நிற்கிற இடத்தில் எஞ்சினை நிப்பாட்டச் சொன்னார். ஹாஜியார் யோசித்துவிட்டு, காற்று மட்டும் அடித்தால் போதும் என்றார். பாஸ் கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"தம்பி, வருத்தம் வாகனத்துக்கில்ல. நான் பாக்கிறது எஞ்சின் மட்டுந்தான்."

இறக்கம் இல்லாத ஊர்

பதுளைப் பக்கம் லொறி ஓட்டும் மச்சினன் ஒருவர் ஹாஜியாருக்கு இருந்தார். பெருநாளைக்கு வந்தவர், மலைநாட்டு றைவர்மார் டீசல் மிச்சம் பிடிக்கும் விதத்தைச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். இறக்கத்தில் எஞ்சினை நிப்பாட்டி நியூட்ரலில் உருட்டிவிட வேண்டுமாம். நல்ல யோசனைதான். ஆனால் கல்முனையிலிருந்து பொத்துவில் வரைக்கும் எங்கள் ரோட்டு, பாய் விரித்த மாதிரிக் கிடக்கும். இறக்கத்துக்கு நான் எங்கே போக?

தேடிப் பார்த்ததில் களியோடைப் பாலம் கிடைத்தது. நிற்கும்போது நிப்பாட்டக்கூடாத எஞ்சினை ஓடும்போது நிப்பாட்ட வேண்டும் என்பது ஹாஜியாரின் புதுச் சட்டம். பாலத்தின் உச்சியில் நிப்பாட்டினேன். இறக்கம் முடிய முன்னமே கியரில் போட்டு எஞ்சினை எழுப்ப வேண்டும். நான் யோசித்து முடிக்க முன்னமே இறக்கம் முடிந்துவிட்டது. பிக்கப் நடு ரோட்டில் போய்ப் படுத்துக்கொண்டது. பின்னால் அக்கரைப்பற்று பஸ் ஹோர்ன் அடித்து அடித்துப் பார்த்தது. கடைசியில் கொண்டக்டர் இறங்கி வந்து என் ஜன்னலில் கையை ஊன்றினான்.

"என்ன காக்கா, பாலத்த ஒத்திக்கு எடுத்திட்டீங்களா?"

ஓதின தண்ணி

இதற்குப் பிறகு ஹாஜியாருக்குக் கண்ணூறு சந்தேகம் வந்தது. மீன் யாவாரம் செழிப்பதைப் பார்த்து யாரோ வயிறெரிந்திருக்கிறார்கள், அந்த எரிச்சல் டீசலில் பிடித்துவிட்டது என்றார். எங்கள் பக்கத்தில் மாடு பால் குறைந்தாலும், பிள்ளை சோறு தின்னாவிட்டாலும் லெப்பையிடம் போய்த் தண்ணி ஓதி வாங்குவது வழக்கம். ஹாஜியாரும் ஒரு சோடாப் போத்தல் நிறைய வாங்கி வந்தார். லெப்பை அதை வாகனத்தின் மேல் தெளிக்கச் சொல்லியிருக்கிறார். ஆனால் ஹாஜியார் எதையும் ஆழமாகச் சிந்திப்பவர். வருத்தம் இருப்பது டாங்கியில், மருந்தை வெளியே தெளித்து என்ன பலன்? பிஸ்மி சொல்லி டீசல் டாங்கியைத் திறந்து, போத்தல் முழுவதையும் உள்ளே ஊற்றிவிட்டார்.

நான் வந்தபோது அந்தக் கதையை என்னிடம் மறைத்துவிட்டார். நாலு பேர் தள்ளி எழுப்பிய எஞ்சின் சாய்ந்தமருது வரை போனது. பிறகு இருமியது, வெள்ளைப் புகை கக்கியது, செத்தது. கணபதிப்பிள்ளை பாஸ் வந்து டாங்கியைக் கழற்றிக் கவிழ்த்தார். பம்பையும் பிரித்துத் துடைக்க வேண்டியதாயிற்று. மீன் அன்று கரையிலேயே நாறியது. செய்தி லெப்பையின் காதுக்குப் போய், அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு ஓடியே வந்துவிட்டார்.

"ஹாஜியார், நான் ஊதினது கண்ணூறுக்கு. எஞ்சினுக்குத் தண்ணி ஆகாதெண்டு எனக்கே தெரியும், உங்களுக்குத் தெரியாதா?"

பூட்டு

வாகனத்தில் வருத்தமில்லை, கண்ணூறும் இல்லை என்றால் மிச்சம் இருப்பது யார்? நான்தான். ஒரு நாள் காலையில் வந்து பார்த்தால் டாங்கி மூடிக்கு இரும்புப் பட்டி ஒட்டுப் போட்டு, அதில் பெட்டகத்துக்குப் போடும் பெரிய பூட்டு ஒன்று தொங்கியது. சாவி ஹாஜியாரின் இடுப்பு வாரில். அன்றிலிருந்து டீசல் அடிக்க அவரே ஷெட்டுக்கு வந்தார், அவரே திறந்தார், அவரே பூட்டினார், பூட்டை ரெண்டு தரம் இழுத்தும் பார்த்தார்.

சகோதர றைவர்மாரே, எனக்கு அன்று உள்ளுக்குள் சந்தோசம். அவமானம்தான், ஆனாலும் இனி என் மேல் யாரும் விரல் நீட்ட ஏலாது என்று நினைத்தேன். மாதம் முடிந்தது. பூட்டுக்கு முன் பதினெட்டு மைல், பூட்டுக்குப் பின்னும் அதே பதினெட்டு. என் கை டாங்கியில் படவில்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்குமா? ஹாஜியார் சந்தைக் கடையில் பத்துப் பேர் முன்னால் பூட்டைப் பற்றி நீண்ட நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்.

"அப்ப மறுசாவி ஒண்டு வெச்சிருக்கான்."

பள்ளிக்கு வா

எங்கள் கரையில் நிரூபிக்க முடியாத களவு கடைசியில் பள்ளிவாசலுக்குத்தான் போகும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும், ஊர் கலையுமுன், பள்ளி நிர்வாகம் பார்க்கும் மரைக்காயர் முன்னிலையில் நிற்க வைப்பார்கள். "நான் எடுக்கல்ல" என்று குர்ஆனைத் தொட்டுச் சத்தியம் செய்ய வேண்டும். செய்தால் குற்றம் சாட்டியவர் வாயை மூட வேண்டும். ஹாஜியார் மரைக்காயரிடம் சொல்லி அந்தக் கிழமை வெள்ளிக்கே நாள் குறித்துவிட்டார்.

எடுக்காதவன் சத்தியம் செய்ய ஏன் பயப்பட வேண்டும் என்று கேட்பீர்கள். என் மூத்த மகளுக்கு அப்போதுதான் மருதமுனையிலிருந்து ஒரு சம்பந்தம் வந்திருந்தது. மாப்பிள்ளை கைத்தறி சாரம் நெய்யும் குடும்பம், மரியாதையான ஆட்கள். சத்தியம் செய்தால் 'களவுக்குப் பள்ளியில் ஏத்தின ஆள்' என்ற பெயர். செய்யாவிட்டால் கள்ளனேதான். செய்தி கேட்டு என் மனைவி ஸுலைஹா அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வந்து நிலத்தில் உட்கார்ந்தாள். எனக்குப் பயமாக இருந்தது. அவள் அழுதிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"மெய்யச் செல்லித்தான் சத்தியம் செய்வீங்க, அது எனக்குத் தெரியும். ஊருக்கு மெய் ஞாபகம் இரிக்காது, சத்தியம் செஞ்சதுதான் ஞாபகம் இரிக்கும். என்ட புள்ளைய ஆரு எடுப்பான்?"

ஹாஜியார் கூட வந்த நாள்

நான் ஹாஜியாரிடம் போய் ஒன்றே ஒன்று கேட்டேன். வெள்ளிக்கிழமைக்கு முன் ஒரு நாள், உங்கள் சாவியோடும் உங்கள் அளவோடும் என் பக்கத்தில் இருந்து பொத்துவில் வாங்க. பிறகு சத்தியம் செய்கிறேன். அவர் சம்மதித்தார். வியாழன் காலையில் டாங்கியை ஒட்ட வடித்துவிட்டு, கேலனுக்கு முப்பது மைல் படி மூன்று கேலனும், வழித்துணைக்கு அரைக் கேலனும் அளந்து ஊற்றிப் பூட்டினார்.

நிந்தவூரில் ஒரு மச்சான் முறையானவர் கையைக் காட்டினார். "நிப்பாட்டாத, இந்தா வாறன்" என்று ஹாஜியார் இறங்கினார். இடியப்பம் தின்று முடித்து வந்தார். பாலமுனையில் ஒரு காணிக் கதை. அக்கரைப்பற்றில் நடுப்பகல் ழுஹர் தொழுதோம். நான் அவருக்குப் பின் வரிசை ஸப்பில் நின்றேன். பள்ளி வாசலில் எங்கள் எஞ்சின் உறுமிய உறுமலில் இமாம் சொன்ன 'அல்லாஹு அக்பர்'கூட எனக்குக் கேட்கவில்லை. பொத்துவிலில் மீன் வரும் வரை கரையில் ரெண்டு மணித்தியாலம் காத்திருந்தோம். எஞ்சினும் எங்களோடு காத்திருந்தது. ஒவ்வொரு தரமும் நான் சாவியில் கை வைத்துக் கேட்டேன், "நிப்பாட்டட்டா ஹாஜியார்?" ஒவ்வொரு தரமும் அவர், "மடையா, ஆரு தள்ளுற?" என்றார்.

திரும்பி வரும்போது கோமாரி தாண்டிய பற்றைக் காட்டில், அஸர் நேரத்துப் பின்னேர வெயிலில், பிக்கப் ரெண்டு குலுங்கு குலுங்கி நின்றது. ஹாஜியார் இறங்கினார், வாரிலிருந்து சாவியை எடுத்தார், பூட்டைத் திறந்தார், ஒரு கம்பை விட்டுப் பார்த்தார். காய்ந்த கம்பு. அந்த ரோட்டில் மாலையானால் யானை இறங்கும். நல்லகாலம், வயலிலிருந்து வந்த டிரக்டர்காரர் ரெண்டு பேர் ஒரு கேன் டீசல் தந்தார்கள். நான் டீசல் குழாயில் அடைத்த காற்றை எடுத்தேன். பிறகு தள்ள வேண்டும். தள்ள இருந்தது அந்த ரெண்டு பேரும், வெள்ளைச் சாரம் கட்டிய ஹாஜியாரும். மீன்பெட்டி ஐஸ் உருகி ஒழுகிய தண்ணி அவர் தலையிலிருந்து கால் வரை வழிந்தது. எஞ்சின் எழும்பியதும் வந்து ஏறினார். சீலா மீன் வாடை கெபின் முழுக்க. கல்முனை வந்து இறங்கும்போது என் தோளில் கை வைத்தார்.

"எட மீராசாகிபு, இத ஆருக்கும் செல்லிராத."

மன்னிப்பு

விசயம் முடிந்தது என்று நினைத்தேன். ஸுலைஹாவிடம்கூட முழுவதும் சொல்லவில்லை, பெரிய மனிசனின் மானம் என்று வைத்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமை வெள்ளைச் சட்டை போட்டு நிம்மதியாக ஜும்ஆவுக்குப் போனேன். தொழுகை முடிந்ததும் மரைக்காயர் எழும்பி என் பெயரைக் கூப்பிட்டார். ஹாஜியாரும் எழும்பினார். ஹாஜியார் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இந்தப் பொடியன் எடுத்தானோ எடுக்கல்லையோ, அது அல்லாஹ்வுக்குத்தான் வெளிச்சம். நான் அவன மன்னிச்சிட்டன்" என்றார்.

பள்ளி முழுக்க "மாஷா அல்லாஹ்" என்றது. "ஹாஜியார், நேத்து கோமாரியில..." என்று வாயைத் திறந்தேன். அவர் ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்து என் முகத்தைத் தன் தோளில் வைத்து அமுக்கிவிட்டார். பார்த்தவர்கள் நான் வெட்கத்தில் அழுவதாக நினைத்தார்கள். நான் அழுதது மெய், ஆனால் கோபத்தில். ஒருவாறு திமிறிக்கொண்டு, எனக்குச் சத்தியம் செய்ய வேண்டும், குர்ஆனைத் தாங்க என்று கத்தினேன். எந்தச் சத்தியத்துக்குப் பயந்து மூன்று நாள் நித்திரை கொள்ளவில்லையோ, அதைக் கேட்டுக் கெஞ்சினேன். மரைக்காயர் அன்பாக என் முதுகைத் தட்டினார்.

"அதான் மன்னிச்சிட்டாரே மகன், பிறகென்னத்துக்குச் சத்தியம்? ஊட்ட போய் சோத்தத் தின்னு."

புதுப் பற்றரி

அடுத்த கிழமை பிக்கப்புக்குச் சத்தமில்லாமல் புதுப் பற்றரி வந்தது. கணபதிப்பிள்ளை பாஸ் நொசில்களைச் சரிபார்த்தார், பிரேக்கை விடுவித்தார், பில்டரை மாற்றினார். நிற்கிற இடத்தில் எஞ்சின் நின்றது. பூட்டையும் கழற்றிவிட்டார்கள். கேலனுக்கு இருபத்தெட்டு மைல் ஓடத் தொடங்கியது. ஹாஜியார் அதைச் சந்தை முழுக்கச் சொல்லித் திரிந்தார். பற்றரியைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை. சந்தையில் எல்லோரும் மன்னிப்பின் மகிமையைப் பற்றியே கதைத்தார்கள். முன்பு பதினெட்டு, மன்னித்த பிறகு இருபத்தெட்டு. நடுவிலிருந்த பத்து மைல் எங்கே போனது என்று விரல் மடித்துப் பார்க்கக் கணக்குப் படித்திருக்க வேண்டியதில்லை.

மருதமுனைக்காரர் வந்தார்கள். மாப்பிள்ளையின் வாப்பா பாயில் அமர்ந்து, தேத்தண்ணியை மெதுவாகக் குடித்தார். நான் பற்றரியிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொல்லிவிட வாயெடுத்தேன். சீலை மறைப்புக்குப் பின்னாலிருந்து ஸுலைஹா ஒரு தரம் இருமினாள். உள்ளே என் மகள் இருந்தாள். நான் வாயை மூடிக்கொண்டேன். அந்த மனிதர் கோப்பையை வைத்துவிட்டு, பெரிய மனதோடு என் கையைப் பிடித்தார்.

"கள்ளன் எண்டா யோசிச்சிருப்பம் மச்சான். நீங்க திருந்தின ஆள்தானே, எங்களுக்குச் சம்மதம்."

நான் "அல்ஹம்துலில்லாஹ்" என்றேன். அதன் பிறகு அந்தப் பிக்கப் கேலனுக்குக் கேலன் மிச்சம் பிடித்துத் தந்த ஒவ்வொரு மைலிலும், நான் முன்பு டீசல் திருடியதற்குச் சாட்சி சொல்லிக்கொண்டே பொத்துவிலுக்கும் கல்முனைக்கும் ஓடியது.